எக்காலத்துக்கும் சிறந்தவர் யார்?

திருவனந்தபுரம் நகரின் வெள்ளையம்பலம் பகுதியில் ஓர் உள்விளையாட்டரங்கம் உள்ளது. அதன் பெயர் ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கம். அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், வட இத்தாலியின் பிரேசியா மாவட்டத்தைச் சேர்ந்த மொந்திக்கியாரி என்னும் சிற்றூரிலும் ஓர் உள்ளரங்கம் உண்டு. அதை அவ்வூரார் ‘பாலாஜார்ஜ்’ என்று அழைக்கின்றனர். இரண்டு பெயர்களும் ஒரே மனிதரைக் குறிப்பவை. கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரில் 1955 மார்ச் 8 அன்று பிறந்து, 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் நேர்ந்த கார் விபத்தில் 32 வயதிலேயே மறைந்த கைப்பந்து வீரர் அவர்.

தன் நாட்டார் ஒருவர் பெயரை ஓர் அரங்கத்துக்கு இடுவது வியப்பன்று. நம் நாட்டில் அரங்கங்களுக்குப் பெயரிடுவதற்குக் காரணங்கள் பல. ஆட்டத்திறன் அவற்றுள் எப்போதும் முதலிடம் பெறுவதுமில்லை. ஆனால் மொழியும் இனமும் வேறான அயல்நாட்டுச் சிற்றூர் ஒன்று, தன் அணிக்காகச் சில பருவங்கள் ஆடிய ஒருவரின் பெயரைத் தன் அரங்கத்தின் நெற்றியில் எழுதிக்கொண்டது என்றால், அதைச் சற்று நின்று நோக்கத்தான் வேண்டும். கேரளம் தந்த விளையாட்டு வீரருள் எக்காலத்துக்கும் சிறந்தவர் ஜிம்மி ஜார்ஜ்தானா என்ற கேள்வி அங்கிருந்து எழுகிறது. எழுந்த மறுகணமே, ‘அப்படியானால் பி.டி. உஷா?’ என்று யாரேனும் கேட்டுவிடுவர்.

இத்தகைய வாதத்தில் மலையாளிகளுக்கு நிகர் மலையாளிகளே. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டிக் கோழிக்கோடு மாவட்டம் புள்ளாவூரில் ஓடும் சிற்றாற்றின் நடுவே அர்ஜென்டினா அன்பர்கள் மெஸ்ஸியின் உருவத்தை நிறுத்தினர். சில நாள்களில் பிரேசில் அன்பர்கள் அதைவிட உயரமான நெய்மாரை நிறுத்தினர். பின்னர் அவ்விருவரையும் விஞ்சும் ரொனால்டோ எழுந்தார். எவர் சிறந்தவர் என்ற வினாவுக்கு, எவருடைய உருவம் உயரமானது என்பதே விடையாயிற்று. தலைநகரத்துச் சாலைக் கடைத்தெருவிலும், தமிழக எல்லையை ஒட்டிய கால்பந்துக் கிராமமாகிய பொழியூரிலும் அதே வாதத்தைத் தேநீர்க் கோப்பையுடன் கேட்கலாம். உருவங்கள் இல்லாமலே குரல்கள் உயரும்.

‘எக்காலத்துக்கும் மிகச் சிறந்தவர்’ என்னும் பொருள் தரும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கோட்’ என்று சொல்வது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 2024-இல் வெளிவந்த விஜய் திரைப்படத்தின் வாயிலாகத் தமிழ்ச் சிற்றூர்களுக்கும் அச்சொல் போய்ச் சேர்ந்தது. அதற்கு மூலவர் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி எனலாம். ‘நானே மிகச் சிறந்தவன்’ என்று தம்மைத் தாமே பறைசாற்றிக்கொண்டவர் அவர். அவருடைய மனைவி லானி அலி, 1992-இல் கணவரின் உரிமைகளைப் பேணத் தொடங்கிய நிறுவனத்துக்கு அந்த நான்கு எழுத்துகளையே பெயராக இட்டார். ஆக, இது பிறந்தபோதே பாதி புகழ்ச்சியாகவும் பாதி வணிகமாகவும் பிறந்த சொல். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எண்கள் பேசும் இடம்

சில துறைகளில் வழக்கு எளிது. டெஸ்ட் கிரிக்கெட்டில் டொனால்ட் பிராட்மனின் சராசரி 99.94. நெடுநாள் ஆடிய பிற மட்டையாளர்களுள் தலைசிறந்தோரின் சராசரி 60-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. இரண்டாமவருக்கும் முதலாமவருக்கும் இடையே இவ்வளவு பெரும் இடைவெளி வேறெந்த விளையாட்டிலும் எளிதில் காணக் கிடைப்பதன்று. இங்கே நாம் அளப்பது பிராட்மனின் ஓட்டங்களை அல்ல. அவருக்கும் அவருடைய காலத்தவருக்கும் இடையிலுள்ள தொலைவை. வெவ்வேறு காலத்தவரை ஒப்பிட நேர்கையில் ஓரளவேனும் நம்பத்தக்க அளவுகோல் அதுதான். 1984-இல் ஓடிய ஒருவரை 2024-இல் ஓடிய ஒருவரோடு நேருக்கு நேர் நிறுத்துவது நேர்மையன்று. தடம் வேறு, காலணி வேறு, உணவு வேறு, மருத்துவம் வேறு. அவரவர் காலத்துப் போட்டியாளரிடமிருந்து எவ்வளவு விலகி முன்னே நின்றார் என்று கேட்பதே முறை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு உஷாவிடம் வருவோம்.

கேரள அரசு 1976-இல் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு ஒன்றைக் கண்ணூரில் தொடங்கியபோது, அதில் சேர்ந்த சிறுமியருள் பய்யோளியைச் சேர்ந்த உஷாவும் ஒருவர். இந்திய விமானப்படையில் பணியாற்றியவரான ஓ.எம். நம்பியார் பயிற்சியாளரானார். நான்கே ஆண்டுகளில், 16 வயதில், மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவர் ஓடினார். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளிகள். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ்.

பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது அந்த ஆண்டில்தான். அது வெறும் வேகத்தால் வெல்லும் ஓட்டமன்று. 10 தடைகள். ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர்; அதன்பின் தடைக்குத் தடை 35 மீட்டர்; கடைசித் தடையிலிருந்து முடிவுக்கு 40 மீட்டர். இடைப்பட்ட தொலைவை எத்தனை எட்டுகளில் கடப்பது என்பது ஒவ்வொருவரும் தம் உடலுக்கேற்ப வகுத்து, மாதக்கணக்கில் பழகி, எண்ணாமலே வரும்படி செய்துகொள்ள வேண்டிய கணக்கு. ஓர் எட்டு பிசகினால் அடுத்த தடையில் கால் மாற்றித் தாண்ட நேரும். அங்கே இழந்த நொடியை மீட்பது அரிது. சமவெளி ஓட்டக்காரராகிய உஷா, ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னர்தான் இந்தப் போட்டியில் முழுமையாக இறங்கினார். அரையிறுதியில் 55.54 நொடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். காமன்வெல்த் நாடுகளின் சாதனையும் அது. பின்னர் வெள்ளி வென்ற அமெரிக்க வீராங்கனை ஜூடி பிரவுன் அந்த அரையிறுதியில் அவருக்குப் பின்னால்தான் வந்தார்.

ஆகஸ்ட் 8 அன்று இறுதிப்போட்டி. முதல் புறப்பாட்டில் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் முந்திக் கிளம்ப, அனைவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். அந்த முதல் புறப்பாடு தமக்கு நன்றாக அமைந்திருந்தது என்றும், இரண்டாம் முறை அந்த ஒழுங்கு கூடவில்லை என்றும் உஷா பின்னாளில் கூறியிருக்கிறார். முடிவுகள் இவை: மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61, ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜோகாரு 55.41, உஷா 55.42.

நூறில் ஒரு பங்கு நொடி. ரூபாயில் ஒரு பைசா. அன்று உஷா ஓடிய சராசரி வேகத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். நம் உள்ளங்கையின் அகலமும் அவ்வளவுதான்.

இந்தக் கதையை இந்தியர் அனைவரும் அறிவர். ஆனால் ஐந்தாவதாக வந்தவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவர் சுவீடனின் ஆன்-லூயிஸ் ஸ்கோக்லுந்த். நேரம் 55.43. இரண்டாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வாகையர் பட்டம் வென்றிருந்தவர் அவர். உஷா ஒரு பைசாவால் வெண்கலத்தை இழந்த அதே ஓட்டத்தில், ஐரோப்பாவின் வாகையரை ஒரு பைசாவால் வென்றுமிருக்கிறார். தோல்வியின் பக்கத்தை மட்டும் நாற்பதாண்டுகளாகப் படித்துவந்த நாம், அதன் மறுபக்கத்தைப் புரட்டவேயில்லை.

நேர்மைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984-இல் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. இந்தப் போட்டியின் அப்போதைய உலகச் சாதனை, அந்த ஆண்டு ஜூன் மாதம் சோவியத் வீராங்கனை மார்கரீட்டா பொனொமர்யோவா ஓடிய 53.58. அவர்கள் வந்திருந்தால் நான்காம் இடம் எங்கே போயிருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. உஷாவின் அன்பர்கள் இதைச் சொல்லத் தயங்குவர். தயங்க வேண்டியதில்லை. ஏனெனில் அந்நாடுகளின் வீராங்கனையருக்குப் பின்னே அரசுகளும் ஆய்வுக்கூடங்களும் நின்றன. கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஊக்கமருந்துக் கொடுமைகள் பின்னாளில் ஆவணங்களோடு வெளிவந்தன. இங்கோ, ஒலிம்பிக் கிராமத்தில் தமக்கு ஒத்த உணவு கிடைக்காமல் கஞ்சியையும் கடுமாங்காய் ஊறுகாயையும் உண்டு ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் உடலில் வலுவில்லாமல் போனதாகவும் உஷாவே நேர்காணலில் கூறியிருக்கிறார். ஊறுகாய் பரணியோடு உலகப் போட்டிக்குப் போன தலைமுறை அது. இதை இரங்கத்தக்க செய்தியாக மட்டும் நான் கொள்ளவில்லை, அந்த 55.42-ஐ எடை போடுகையில் தட்டில் வைக்க வேண்டிய கல்லாகவே கொள்கிறேன்.

ஆசியாவில் கதையே வேறு. 1985 ஜகார்த்தா ஆசிய வாகையர் போட்டியில் 100, 200, 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 4×400 தொடரோட்டம் என 5 தங்கங்கள். கூடவே ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா முழுவதற்கும் கிடைத்த தங்கங்கள் 5. அவற்றுள் 4 உஷா ஓடியவை. மூன்று தனியாக, ஒன்று தொடரோட்டத்தில். எஞ்சிய ஒன்று மல்யுத்த வீரர் கர்த்தார் சிங்குக்குரியது. ஒரு நாட்டின் தங்கக் கணக்கில் ஐந்தில் நான்கு பங்கை ஒருவரே வரவு வைத்த வேறோர் ஆண்டு இந்திய விளையாட்டு வரலாற்றில் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. பிராட்மனிடம் கண்ட அந்த இடைவெளியை, ஆசிய அளவிலேனும், இங்கே காண்கிறோம்.

பட்டியல்கள் மாறும்

பதக்கங்களைக் கொண்டே தீர்ப்பளிப்போம் என்றால் தடகளத்தில் வழக்கு நொடியில் முடிந்துவிடும். 2021 ஆகஸ்ட் 7 அன்று தோக்கியோவில் 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவின் பெயரைச் சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பலாம். கேரளத்துக்குள் மட்டும் பார்ப்பதானால் சங்கனாச்சேரியின் அஞ்சு பாபி ஜார்ஜ். 2003-இல் பாரிசு உலக வாகையர் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம். உலகத் தடகள வாகையர் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 மீட்டர். இரு பத்தாண்டுகளாக இந்தியப் பெண்கள் எவரும் அதைத் தாண்டவில்லை. தாம் ஒற்றைச் சிறுநீரகத்துடன் இத்தனையும் செய்ததாக 2020 டிசம்பரில் அவர் வெளியிட்டபோது, பழைய எண்கள் அனைத்தும் ஒரே இரவில் கனம் கூடின.

ஆனால் பதக்கப் பட்டியல் என்பது கல்வெட்டன்று. 2005-இல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப்போட்டியில் அஞ்சு வெள்ளிதான் வென்றார். முதலிடம் பெற்ற ரஷ்ய வீராங்கனையின் மாதிரியில் ஊக்கமருந்து இருந்தது பல்லாண்டுகளுக்குப் பின் உறுதியாகவே, வெள்ளி தங்கமாயிற்று. ஒன்பதாண்டு தாமதம். அதற்குள் மேடை கலைந்துவிட்டது, கொடி இறங்கிவிட்டது, விளம்பர ஒப்பந்தங்கள் வேறு யாருக்கோ போய்விட்டன. காலங்கடந்து வரவு வைக்கப்பட்ட தொகைக்கு இடைக்கால வட்டி கிடைப்பதில்லை என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று இரண்டாமவராக இருந்தபோதும், இன்று முதல்வராக ஆனபோதும், அவர் தாண்டிய தொலைவு மட்டும் மாறவில்லை. ஆகவே பதக்கத்தை நான் சான்றாக ஏற்பேன், தீர்ப்பாக ஏற்கமாட்டேன்.

இடையே ஒரு செய்தி. அஞ்சுவின் கணவரும் பயிற்சியாளருமான ராபர்ட் பாபி ஜார்ஜ், ஜிம்மி ஜார்ஜின் இளைய சகோதரர். பேராவூர் வீட்டில் பத்துப் பிள்ளைகள். எட்டுப் பேர் ஆண்கள். தந்தையும் கைப்பந்து ஆடியவர். எட்டுச் சகோதரர்களும் ஓர் அணியாகவே களமிறங்கி ஆடியதுண்டு. மாற்று ஆட்டக்காரர் தேடி அண்டை வீட்டுக்குப் போக வேண்டிய தேவையே அந்த வீட்டாருக்கு இருக்கவில்லை.

சாட்சிகளால் நிற்கும் புகழ்

ஜிம்மி ஜார்ஜின் வழக்கு உஷாவின் வழக்கைக் காட்டிலும் கடினமானது. கைப்பந்தாட்டத்தில் நொடிமுள் இல்லை, அளவுநாடா இல்லை. அக்காலத்து முறைப்படி பந்தைத் தொடங்கி வைக்கும் அணி மட்டுமே புள்ளி பெற முடியும். 15 புள்ளிகளுக்கு ஒரு சுற்று. இன்று ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி. 25 வரை ஆட்டம். எனவே அன்றைய எண்களை இன்றைய எண்களோடு பொருத்தவும் இயலாது. இந்தியா அவர் காலத்தில் ஒலிம்பிக் கைப்பந்தில் ஆடவுமில்லை. தெஹ்ரான் 1974, பாங்காக் 1978, சியோல் 1986 என மூன்று ஆசிய விளையாட்டுகளில் அவர் ஆடினார். கடைசியாகச் சொன்னதில் இந்தியா வெண்கலம் வென்றது. அதன்பின் 2023 ஹாங்சோ வரை நடந்த எந்த ஆசிய விளையாட்டிலும் இந்தியக் கைப்பந்து அணிக்குப் பதக்கம் கிட்டவில்லை. அந்த வெண்கலம் எவ்வளவு அரிதென்பதைக் காலம் மெல்ல மெல்லக் காட்டி வருகிறது.

21 வயதில் அர்ஜுனா விருது. மருத்துவக் கல்வியைக் கைவிட்டு ஆட்டத்தைத் தேர்ந்தவர். கேரளக் காவல்துறையில் 1976-இல் பணி. பின்னர் அபுதாபிக் கழகம். 1982 முதல் இத்தாலி. இந்தியாவின் முதல் தொழில்முறைக் கைப்பந்து வீரர் எனக் குறிப்பிடப்படுபவர் அவர். அந்த இத்தாலியக் களம் எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். 1990, 1994, 1998 என அடுத்தடுத்து மூன்று முறை உலக வாகையர் பட்டத்தை இத்தாலி வென்றது. அந்த வெற்றிகளுக்கு உரமிட்டது 1980-களின் கழகப் போட்டிகள். உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பணத்துக்காகவும் பெயருக்காகவும் திரண்ட இடத்தில், கேரளத்திலிருந்து போன ஒருவர் வலைக்கு மேல் எழும்பிப் பந்தை அறைந்தார். அவரைப் பார்க்க ஊரார் சீட்டு வாங்கி வந்தனர்.

2.43 மீட்டர் உயர வலைக்கு மேல் எழும்பும் அறைவீரருக்கு வேண்டியது உயரம் மட்டுமன்று. எழும்பிய பின் எதிரே எழுகின்ற கைகளைக் கண்டு, காற்றில் இருக்கும்போதே முடிவை மாற்றிக்கொள்ளும் நிதானமும் வேண்டும். ஜிம்மி காற்றில் நின்றார் என்று அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள் இன்றும் சொல்வர். இயற்பியல் அதை ஒப்பாது. ஆயினும் கண்டவர்கள் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்வதில் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. எதிரே நின்றவர்களின் கைகள் கீழிறங்கத் தொடங்கிய பிறகு அவர் அடித்தார் என்பதுதான் அதன் பொருளாக இருக்க வேண்டும்.

சாட்சியத்தைக் கொண்டு சிறப்பை நிறுவலாமா? நிறுவலாம் என்பதே என் எண்ணம். சாட்சிக்கு ஆதாயம் இருக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. சொந்த ஊரார் புகழ்வதற்குப் பெருமிதம் காரணமாகலாம். மொந்திக்கியாரி ஊராருக்கு மலையாளப் பெருமிதம் ஏது? அவர்கள் இட்ட பெயரை நான் வெள்ளையம்பலத்துப் பெயரைக் காட்டிலும் வலிய சான்றாகக் கொள்கிறேன்.

பசுவை விற்ற வீடு

திருவனந்தபுரத்தை அடுத்த அருவிக்கரை அருகே மைலத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்து உழவர் குடும்பத்திலிருந்து 12 வயதில் அங்கு வந்து சேர்ந்த சிறுவன், முதலில் ஓடினான், தாண்டினான், கைப்பந்தும் ஆடினான். ஹாக்கி இலக்குக் காவலனாகப் போ என்று பயிற்சியாளர்தான் திருப்பிவிட்டார். காவலருக்கான காற்காப்புகள் விலை மிகுந்தவை. தந்தை வீட்டுப் பசுவை விற்று அவற்றை வாங்கித் தந்ததை பி.ஆர். ஸ்ரீஜேஷ் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தோக்கியோவில் ஜெர்மனியை இந்தியா 5–4 என வென்றபோது, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவை அவருடைய காப்புகள். ஒலிம்பிக் ஹாக்கியில் 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குப் பதக்கம். 2024 பாரிசில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில், ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேராக ஆட்டத்தின் பெரும்பகுதியை இந்தியா ஆடியது. அன்றும் இலக்கின் முன் நின்றவர் அவரே. இரண்டாம் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார். உலகின் சிறந்த காவலர் விருது மும்முறை. அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டையை இனி மூத்தோர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது.

காவலரின் சிறப்பை அளப்பதில் ஒரு சங்கடம். அவர் செய்ததெல்லாம் நடவாமல் போனவை. விழாத கோல்களை எந்தப் பலகையும் காட்டுவதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் காவலர், கண்ணூரின் மானுவல் பிரெடரிக். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலையாளி அவரே. தயான்சந்த் விருது அவரை வந்தடைந்த ஆண்டு 2019. இடையே 47 ஆண்டுகள். அடுத்த பதக்கத்தைக் கொண்டுவந்த மலையாளியும் இலக்குக் காவலரே என்பது வியப்பான ஒற்றுமை. முன்னவர் பெயர் பலருக்கு நினைவு வந்ததே பின்னவரால்தான்.

அந்தப் பள்ளி யார் பெயரால் நிற்கிறதோ அவரைப் பற்றியும் சொல்லாமல் போவது முறையன்று. கோதவர்ம ராஜா எனும் கர்னல் ஜி.வி. ராஜா, பூஞ்ஞார் அரச குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்தவர். விளையாட்டுக் குழுவை 1954-இல் நிறுவித் தலைமை தாங்கினார். 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு நாள். அவர் எந்தப் பட்டியலிலும் ‘எக்காலத்துக்கும் சிறந்தவர்’ அல்லர். ஆனால் ஒரு பயிற்சியிடம், ஒரு விடுதி, ஒரு வேளைச் சோறு, ஒரு பயிற்சியாளர் ஆகியவை இல்லாமல் போயிருந்தால் மேற்சொன்ன பெயர்களுள் எத்தனை எஞ்சியிருக்கும்?

ஓடி முடித்தபின் வாழ்வதற்கு ஒரு வேலையும் வேண்டும். உஷாவுக்குத் தெற்கு ரயில்வே, ஜிம்மிக்குக் காவல்துறை, 1984-இல் ஒலிம்பிக் 800 மீட்டர் அரையிறுதியை எட்டிய முதல் இந்தியப் பெண்ணான ஷைனி வில்சனுக்கு இந்திய உணவுக் கழகம். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் தனக்கென ஒரு கால்பந்து அணியையே பேணி வந்தது. காலையில் களத்தில் கண்ட முன்கள வீரரை, பகலில் காசாளர் சாளரத்தில் கண்ட வாடிக்கையாளர்கள் அந்நகரில் இன்றும் உண்டு. மாதச் சம்பளம் என்ற அந்தச் சிறு உறுதிதான், பெற்றோர் மகளை மைதானத்துக்கு அனுப்பத் துணிந்ததன் காரணம். சிறப்பின் இலக்கணம் பேசுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

இனி என் தீர்ப்பைக் கேட்டால், தயங்காமல் உஷா என்பேன். ஜிம்மியின் ஆட்டம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் போனபின் அவருடைய இடத்துக்கு வேறொருவர் அதே வழியில் வரவில்லை. உஷா ஓடிய பிறகு கேரளத்துப் பள்ளி மைதானங்களில் ஓடும் சிறுமியரைக் கண்டு எவரும் வாய் பொத்திச் சிரிக்கவில்லை. வல்சம்மா, ஷைனி போன்றோர் அவரோடு ஓடினர். பீனாமோள், அஞ்சு, டின்டு லூக்கா என்று வரிசை பின்னால் வந்தது. டின்டு கினாலூரில் உஷாவே நடத்தும் பள்ளியில் வளர்ந்தவர். இயலாது என்று ஊர் நினைத்ததை இயலும் என்று ஆக்கியவர் யார் என்பதே நான் கேட்கும் கேள்வி. எண்களில் நீரஜ் முன்னே நிற்கிறார். அதை மறுப்பவன் அல்லேன். பல ஆண்டுகள் ஆசியத் தடங்களில் ஓடிய கால்களையும், அவற்றின் பின்னே திரண்ட கூட்டத்தையும் சேர்த்து நிறுக்கையில் என் தராசு பய்யோளியின் பக்கம் சாய்கிறது. ஜிம்மியின் அன்பர்கள் வெள்ளையம்பலத்தில் நின்று இதை மறுக்கலாம்; அவர்களிடமும் நல்ல வாதங்கள் உள்ளன.

உஷாவின் 55.42 இந்தியச் சாதனையாக ஆண்டுக்கணக்கில் நின்றது. 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் முடிவுக் கோட்டைக் கடந்தார். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே விளையாட்டில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் பங்கேற்றவர். மின்பலகையில் எழுந்த எண் 55.42. 39 ஆண்டுகளுக்குப் பின், ஒரு பைசா கூடவுமில்லை, குறையவுமில்லை. மறுநாள் இறுதியில் 55.68 நொடிகளில் ஓடி வெண்கலம் வென்றார். லாஸ் ஏஞ்சலிஸில் உஷாவுக்குக் கிட்டாத நிறத்தில் ஒரு பதக்கம், அதே போட்டியில், அவர் அளவுக்கே ஓடிய ஒரு தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் ஏறியது.